இரட்டைக் குதிரைச் சாரத்தியம்

திருவல்லிக்கேணிக்காரர்களுக்குச் சாரத்தியத்தைப் பற்றிப் பிறர் சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. அந்தப் பேட்டையின் பெருமாளே தேரோட்டி. கம்பீரமான மீசையுடன் மூலவர். பாரத யுத்தத்தில் பட்ட அம்புத் தழும்புகளைத் திருமுகத்தில் தாங்கிய உற்சவர். ஆகையால், ஒரு வண்டியில் பூட்டிய இரண்டு குதிரைகளில் ஒன்று முன்னே பாய, மற்றொன்று பின்னே தயங்கினால் என்ன நேரும் என்பதை அங்கே பிறந்த குழந்தைகூடச் சொல்லிவிடும். வண்டி நகரத்தான் நகரும். ஆனால் நேராக நகராது. பாய்கிற குதிரைக்கு நுரை தள்ளும். தயங்குகிற குதிரையோ வண்டியோடு சேர்ந்து தானும் ஒரு பாரமாகிவிடும். அந்தச் சமயத்தில் இரண்டுக்கும் கொள்ளை அள்ளி அள்ளி வைத்து என்ன பயன்? முதலில் இரண்டும் ஒரே நடை நடக்கவேண்டும். கொள்ளு அப்புறம்.

இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயமும் இதுவேதான். குதிரைக்குப் பதில் கார்புரேட்டர். கொள்ளுக்குப் பதில் பெட்ரோல். பழைய பந்தய மோட்டார்களில் இரண்டு கார்புரேட்டர்களைப் பக்கம் பக்கமாக வைத்திருப்பார்கள். அவற்றை ஒன்றுக்கொன்று இசைவாக நிறுத்துவது ஒரு தனி வித்தை. அந்த வித்தை கைவந்தவர்கள் மௌண்ட்ரோடை அடுத்த சந்துகளில் ஒரு காலத்தில் நிறைய இருந்தார்கள். இன்று குறைந்து வருகிறார்கள்.

"இது ஏதோ மோட்டார் பைத்தியங்களுக்கு எழுதியது" என்று பக்கத்தைப் புரட்டிவிட நினைக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. கார்புரேட்டரின் தொழில் அடுப்பு மூட்டுகிற தொழில்தான். எந்த மோட்டார் நிபுணரையும்விட நம் பாட்டிமார்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. விறகை வாய் நிறையத் திணித்துவிட்டுக் காற்றுக்கு வழி விடாவிட்டால் அடுப்பு புகையும்; பாத்திரமெல்லாம் கரி பிடிக்கும். ஒரே ஒரு சுள்ளியை வைத்துவிட்டு ஊதுகுழலால் பலமாக ஊதினால், உள்ள நெருப்பும் அணைந்துபோகும். இரண்டும் அளவோடு சேர்ந்தால்தான் நல்ல சுடர் எழும்பும். மோட்டாரிலும் இதே கணக்குதான். பெட்ரோல் 1 பங்கு எடைக்குக் காற்று ஏறக்குறைய 14.7 பங்கு எடை வேண்டும். காற்று எவ்வளவு லேசான வஸ்து என்பதை எண்ணிப் பார்த்தால் கணக்கு இன்னும் வேடிக்கையாக இருக்கும்: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதற்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று செலவாகிறது! மோட்டார் பெட்ரோலில் ஓடுகிறது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். காற்றில் ஓடுகிறது என்று சொல்வதுதான் பொருத்தம். இந்த உண்மையை மறந்தவர்கள்தான் இரட்டைக் கார்புரேட்டரைக் கெடுக்கிறவர்கள்.

பழைய ஆங்கில மோட்டார்களின் கார்புரேட்டர்மீது "எஸ். யு." என்ற இரண்டு எழுத்துக்கள் காணப்படும். பி. ஏ., எம். ஏ. போல அது ஒரு பட்டம் என்று யாரும் எண்ணவேண்டாம். "ஸ்கின்னர்ஸ் யூனியன்" என்பதன் சுருக்கம் அது. லண்டனில் பாதரட்சை வியாபாரம் செய்த லில்லி அண்டு ஸ்கின்னர் குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்பவர் 1905-ஐ ஒட்டிய காலத்தில் இதைக் கண்டுபிடித்தார். சகோதரர் கார்ல் ஸ்கின்னரும் துணை நின்றார். 1910-ல் கம்பெனி ஏற்பட்டது. 1926-ல் மோரிஸ் மோட்டார் முதலாளி அதை வாங்கினார். முதலில் செய்த கார்புரேட்டர்களுக்குள் தோலால் ஆன ஒரு துருத்தி இருந்தது. செருப்புக் கடைப் பிள்ளையின் கண்டுபிடிப்பில் தோல் இல்லாமல் இருக்குமா? பிற்காலத்தில் அந்தத் துருத்தி போய், உலோகப் பிஸ்டன் வந்தது.

அந்தப் பிஸ்டன் செய்கிற வேலை ரொம்பவும் நயமானது. கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்ற ஒரு மூடிக்குள் அது மேலும் கீழும் ஏறி இறங்கும். அதன் அடியில் ஓர் ஊசி தொங்குகிறது. ஊசி மேலே பருத்தும் கீழே மெலிந்தும் இருக்கும். அதன் நுனி, பெட்ரோல் வருகிற துவாரத்துக்குள் இறங்கி நிற்கிறது. யந்திரம் அதிகக் காற்றை உறிஞ்சினால் பிஸ்டன் உயருகிறது. ஊசியும் கூடவே உயருகிறது. மெலிந்த பாகம் துவாரத்துக்கு நேரே வருவதால் இடைவெளி அதிகமாகி, பெட்ரோலும் அதிகமாக வருகிறது. காற்று குறைந்தால் எல்லாம் தானே இறங்குகிறது. கூப்பிட்ட குரலுக்கு ஏற்றாற் போல் பரிமாறும் சமையற்காரனைப் போன்றது இந்த ஏற்பாடு. பிஸ்டனின் நடுத்தண்டில் சில துளி மெல்லிய எண்ணெய் விட்டிருப்பார்கள். ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளிக் குதிக்காமல் நிதானமாக ஏறுவதற்கு அந்த எண்ணெய்தான் காவல். அது வற்றிப்போனால், மிதித்ததும் வண்டி ஒரு கணம் விக்கிவிட்டுப் பிறகு புறப்படும்.

ஒன்று இவ்வளவு சமர்த்தாக இருக்கும்போது இரண்டு எதற்கு? நாலு ஸிலிண்டர் உள்ள யந்திரத்துக்கு நடுவில் ஒரே ஒரு கார்புரேட்டரை வைத்தால், பக்கத்தில் இருப்பவைக்கு முதற் பந்தியும் கோடியில் இருப்பவைக்கு இரண்டாம் பந்தியுமாகப் போய்விடுகிறது. வேகம் அதிகமாகும்போது அந்த ஒரு வாயின் வழியாக வேண்டிய காற்று முழுவதும் நுழைவதும் சிரமம். இரண்டு ஸிலிண்டருக்கு ஒன்று வீதம் இரண்டு வைத்தால் வழி குறுகுகிறது, மூச்சு தாராளமாகிறது. 1945 முதல் 1949 வரை சுமார் 10,000 வண்டிகள் தயாரான எம். ஜி. "டி. ஸி." என்னும் சிறு பந்தய மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். யந்திரம் 1,250 கன சென்டிமீட்டர்தான். இரண்டு எஸ். யு. கார்புரேட்டர்களைத் தாங்கிக்கொண்டு அது செய்த ஆர்ப்பாட்டம் உலகப் பிரசித்தம். 1948-ல் வெளியான ஜாகுவார் "எக்ஸ். கே. 120" வண்டிக்கும் இரண்டு எஸ். யு.-க்கள்தான். நம் நாட்டிலே 1983 முதல் சில ஆண்டுகள் தயாரான ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிளுக்கும் இரண்டு ஸிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். அவை வேறு ஜாதி. ஆயினும் இரண்டையும் ஒரே நடையில் நிறுத்தவேண்டிய சங்கடம் ஒன்றே.

சென்னைக்கு இந்த வித்தை எப்படி வந்தது என்றால், சோழவரத்தைச் சொல்லவேண்டும். இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போது கல்கத்தா சாலையில் சோழவரத்துக்கருகில் ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். யுத்தம் முடிந்ததும் விமானங்கள் போய்விட்டன, தளம் நின்றது. 1953-ல் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஏற்பட்டது. 1980-களின் இறுதி வரையில் சோழவரமே தென்னாட்டு மோட்டார் பந்தயத்தின் தலைநகரம். பிறகு, 1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்கருகில் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதையே வந்துவிட்டது. சோழவரம் நாட்களில் அயல்நாட்டு மோட்டாரையோ உதிரிச் சாமானையோ இறக்குமதி செய்வது எளிதல்ல. மகாராஜாக்கள் ஒரு சிலரிடம் சீமைப் பந்தய மோட்டார்கள் இருந்தன. மற்றவர்கள் ஃபியட், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் முதலிய வீட்டு மோட்டார்களைப் பட்டறையில் மாற்றியமைத்துப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார்கள். சாமான் கிடைக்காவிட்டால் கடைசல் பட்டறையில் கடைந்துகொள்வது. அல்லது கூவத்தைத் தாண்டிப் புதுப்பேட்டைக்குப் போய், பிரித்துப் போட்ட வண்டிக் குவியல்களில் தேடுவது. மீட்டரும் கையேடும் இல்லாத இடத்தில் காதுதான் மீட்டர், அனுபவந்தான் கையேடு.

அந்தப் பரம்பரையைச் சேர்ந்த ஒரு பழைய மெக்கானிக்கிடம் இரட்டைக் கார்புரேட்டர் மோட்டாரைக் கொண்டு போகிறவர்களுக்கும் அவருக்கும் நடக்கும் சம்பாஷணை பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்:

"பாய், வண்டி இழுக்கமாட்டேன் என்கிறது. கார்புரேட்டரைக் கொஞ்சம் திருகிவிடுங்கள்."

"திருகலாம் ஸார். பிளக்கைக் கழற்றிப் பார்த்து எத்தனை நாளாச்சு?"

"பிளக் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கார்புரேட்டர்தான் கோளாறு."

"கார்புரேட்டர் வாயில்லாப் பிராணி ஸார். எவன் செய்த தப்புக்கும் அதைத்தான் திருகுவாங்க."

இந்தப் பதிலில் பாதி சாஸ்திரம் அடங்கிவிட்டது. டாப்பெட் இடைவெளி, பிளக், பாயிண்ட், டைமிங் ஆகிய நான்கும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்காமல் கார்புரேட்டரில் கை வைப்பது, ஜுரம் எதனால் என்று பார்க்காமல் தலையில் பற்றுப் போடுவது போலத்தான். கார்புரேட்டருக்கும் யந்திரத்துக்கும் இடையே உள்ள கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு இருக்கக்கூடாது. பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் தடையின்றி இறங்கி, "டக்" என்று மெல்லிய உலோகச் சத்தத்துடன் அமரவேண்டும். அமராவிட்டால் ஊசி எங்கேயோ உரசுகிறது என்று அர்த்தம். இவையெல்லாம் ஆன பிறகு யந்திரத்தை நன்றாகச் சூடேற வைக்கவேண்டும். குளிர்ந்த யந்திரம் உண்மை பேசாது.

இனிமேல்தான் நிஜமான வேலை. அது இரண்டு பாகம்: முதலில் காற்று, பிறகு பெட்ரோல். இந்த வரிசை மாறவே கூடாது.

காற்று வடிகட்டிகளை எடுத்துவிட்டு, இரண்டு கார்புரேட்டர்களையும் சேர்த்து ஆட்டுகிற இணைப்பைத் தளர்த்திவிடுகிறார் மெக்கானிக். இப்போது இரண்டும் தனித்தனி. ஒவ்வொன்றின் ஸ்லோ ஸ்க்ரூவையும் முழுவதும் வெளியே திருகி வாயை மூடிவிட்டு, பிறகு இரண்டையும் சமமாக ஒரு சுற்று உள்ளே திருகுகிறார். யந்திரத்தைக் கிளப்புகிறார். பிறகு ஒரு முழ நீளமுள்ள ரப்பர்க் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொள்கிறார். மறு முனையை முதல் கார்புரேட்டரின் வாயருகே பிடிக்கிறார்: "ஸ்ஸ்ஸ்..." அப்புறம் இரண்டாவதன் வாயில், அதே இடத்தில், அதே தூரத்தில்: "ஸ்ஸ்ஸ்..." ஒன்றின் சீறல் பலமாக இருந்தால் அதன் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்துகிறார்; மற்றதைக் கொஞ்சம் முடுக்குகிறார். எது எதுவென்று காது பிரித்தறிய முடியாதபடி இரண்டு சீறலும் ஒன்றானால் மூச்சு சமமாகிவிட்டது. காற்றை அளக்கும் மீட்டர்களும் கடையில் விற்கின்றன. அவை நல்லவையே. ஆனால் காது பழகியவர் கையில் ரப்பர்க் குழாய் அவற்றுக்கு இளைத்ததல்ல.

அடுத்தது பெட்ரோல். கார்புரேட்டரின் அடியில் ஆறு பட்டை உள்ள ஒரு நட்டு இருக்கிறது. அதை மேலே ஏற்றினால் துவாரம் ஊசியை நோக்கி உயர்ந்து பெட்ரோல் குறையும். கீழே இறக்கினால் பெட்ரோல் அதிகமாகும். ஒரு தடவைக்கு ஒரு பட்டைதான், அதாவது ஆறில் ஒரு சுற்றுதான் திருகலாம். அவசரக்காரர்களுக்கு இந்த நட்டு ஜன்ம சத்துரு.

அளவு சரியா என்று எப்படி அறிவது? பிஸ்டனை ஓர் அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பாகம் மட்டும் மெதுவாகத் தூக்கிப் பார்க்கவேண்டும். யந்திரம் மூன்று பதில்களில் ஒன்றைச் சொல்லும். வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே சோர்ந்து அணையப் பார்த்தால் பெட்ரோல் போதாது. இலேசாக ஒரு கணம் எழும்பிவிட்டுப் பழைய நடைக்கே திரும்பினால், அதுதான் சரி. இந்தக் கேள்வியை இரண்டு கார்புரேட்டர்களிடமும் தனித்தனியே கேட்கவேண்டும். ஒன்றின் பதில் மாறினால் மற்றதன் பதிலும் சிறிது மாறும். பெட்ரோல் மாறினால் யந்திரத்தின் வேகம் மாறி, முன்பு சமமாக்கிய காற்றும் இடறும். ஆகையால் மறுபடி காற்று, மறுபடி பெட்ரோல் என்று இரண்டு மூன்று சுற்று வந்தாக வேண்டும். கடைசியில், ஆக்ஸிலேட்டரைத் தொட்ட அதே கணத்தில் இரண்டு வாயும் ஒன்றாகத் திறக்கும்படி இணைப்பை முடுக்கிவிட்டால் வேலை தீர்ந்தது.

சரி பார்க்கச் சுலபமான சாட்சி ஒன்று உண்டு. வண்டியைக் கடற்கரைச் சாலையில் நன்றாக ஓட்டிவிட்டு வந்து பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். வறுத்த காப்பிப் பொடியில் சிறிது பால் தெளித்தாற் போன்ற மாநிறம் நாலிலும் ஒரே மாதிரி இருந்தால் உத்தமம். திருவல்லிக்கேணியில் இந்த நிறத்தை அறியாதவர் இல்லை. முன் இரண்டும் கறுத்து, பின் இரண்டும் வெளுத்திருந்தால், ஒரு குதிரைக்குக் கொள்ளு மிஞ்சுகிறது, மற்றது பட்டினி கிடக்கிறது என்று அறியலாம்.

பட்டினிதான் இதில் பொல்லாதது. பெட்ரோல் அதிகமானால் கரும்புகை வரும், மிஸ் அடிக்கும், பணம் வீணாகும், வெளிப்படையாகத் தெரிந்துவிடும். குறைந்தாலோ புகை இல்லை, பார்வைக்குச் சுத்தம், சில சமயம் சிக்கனம் என்று சொந்தக்காரர் மகிழ்ந்துகூடப் போவார். உள்ளே ஸிலிண்டர் அளவு மீறிக் காய்ந்து வால்வு கருகிக்கொண்டிருக்கும். பத்து நிமிஷ வேலையில் மிச்சம் பிடித்தவர் யந்திரத்தையே பிரிக்கும்படி நேரும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் சொல்லியாகவேண்டும். யந்திரம் ஓடும்போது இந்த வேலையை மூடிய ஷெட்டில் ஒருபோதும் செய்யக்கூடாது. ஸைலன்ஸரிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. ஆளை மட்டும் கொன்றுவிடும். மேல்துண்டும் தொங்கும் தலைப்புமாக வேடிக்கை பார்க்க வருகிறவர்களை விசிறிக்கு எட்டத்தில் நிறுத்துங்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. இன்றைய மோட்டார்களில் கார்புரேட்டரே கிடையாது. 2020 ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்த பி. எஸ். 6 விதிகளுக்குப் பிறகு புதிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவையும் அதைக் கைவிட்டுவிட்டன. ஸைலன்ஸர்க் குழாயில் பொருத்திய ஒரு சிறு கருவி ஆக்ஸிஜனை முகர்ந்து பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிறது. ஊருக்குப் புகை குறைந்தது, பெட்ரோலும் மிச்சம். கார்புரேட்டருக்காக நாம் கண்ணீர் விடப் போவதில்லை.

ஆனால் பழைய மோட்டார்கள் இன்னும் இருக்கின்றன. சென்னையில் பழங்கார் அணிவகுப்பு நடக்கும் நாட்களில் அவை மினுக்கிக்கொண்டு வருவதை நேயர்கள் பார்த்திருக்கலாம். அவற்றுக்கு இப்போது ஒரு புதுச் சோதனை வந்திருக்கிறது. 2023-ல் தொடங்கி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது, நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அந்தக் கலவைக்குக் காற்று குறைவாகப் போதும்: 14.7 பங்கு என்ற கணக்கு சுமார் 13½-ஆக இறங்கிவிடுகிறது. சுத்தப் பெட்ரோலுக்கென்று திருத்தி வைத்த கார்புரேட்டரில் இதை ஊற்றினால், யாரும் தொடாமலேயே யந்திரம் பட்டினியாகிவிடும். நட்டைச் சில பட்டைகள் கீழே இறக்கவேண்டும். சில வண்டிகளுக்கு ஊசியையே மாற்றவேண்டி வரும். பழைய ரப்பர்க் குழாய்களுக்கும் கார்க் வளையங்களுக்கும் எத்தனால் ஆகாது. அவற்றையும் மாற்றிவிடுவது நலம். இத்தனை வருஷம் சும்மா இருந்த வித்தைக்கு மறுபடி அவசியம் வந்திருக்கும் சமயம் இது. கேட்கத் தெரிந்த காதுகளோ முதுமை அடைந்துகொண்டிருக்கின்றன.

நட்டை எவ்வளவு திருகுவது என்பது புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் அழியாது. இரண்டு சீறல்களில் எது ஒரு மாற்றுக் குறைவு, "இலேசாக எழும்பித் திரும்புவது" என்றால் எவ்வளவு இலேசு என்பதைப் புத்தகம் சொல்லாது. சுருதி சேர்ப்பது போல அதை ஒருவர் பக்கத்தில் நின்று மற்றொருவர் கேட்டுத்தான் பழகவேண்டும். கற்றவர் இருக்கும்போதே கற்றுக்கொள்ளாவிட்டால் பிறகு எந்தச் சீமையிலிருந்து தருவிப்பது? தொழிற்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை வாரத்தில் ஒரு நாள் இத்தகைய பட்டறைகளுக்கு அனுப்பலாம். பழைய மோட்டார் வைத்திருப்பவர்கள் கூலி கொடுப்பதோடு நில்லாமல், அந்தக் கூலியில் ஒரு சிஷ்யனுக்கும் சேர்த்துக் கொடுக்கலாம். கம்ப்யூட்டரில் வேலை செய்யப் போகிற பையனுக்கும் இதனால் நஷ்டமில்லை. முதலில் மற்றதையெல்லாம் சோதி, பிறகு காற்றைச் சமமாக்கு, அதன் பிறகே பெட்ரோலைத் தொடு என்ற ஒழுங்கு எந்த யந்திரத்துக்கும் பொருந்தும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் காதில் எப்போதும் ஏதாவது ஒரு பாட்டுக் கருவியைச் செருகிக்கொண்டு திரிகிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை ஐந்து நிமிஷம் கழற்றச் சொல்லிவிட்டு, அந்தக் காதில் பாயின் ரப்பர்க் குழாயை வைத்துப் பாருங்கள். முதல் தடவை இரண்டு சீறலும் ஒன்றுபோலத்தான் கேட்கும். பத்தாவது தடவை, "இந்தப் பக்கம் கொஞ்சம் அதிகம்" என்று பையனே சொல்லுவான்.